கூடு எண் 214

அத்தியாயம் 9

214-ஆம் கூடு காணாமல் போன செய்தி வருவதற்கு முன் எங்கள் வீட்டில் நடந்த கடைசிச் சாதாரண விஷயம், ருமியானா என் தட்டிலிருந்த பனித்சாவின் மூலையைப் பிய்த்ததுதான்.

பாலாடைக்கட்டி வைத்து அடுக்கடுக்காகச் சுட்ட அந்தப் பண்டத்தில் மூலைதான் மொறுமொறுவென்று இருக்கும். ஒரு தட்டத்துக்கு நாலே நாலு மூலைகள். முப்பத்து நான்கு வருடத் தாம்பத்தியத்தில் நான் எத்தனை மூலைகள் தின்றிருக்கிறேன் என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவேன். ஒன்று. அவளுக்கு அன்று பல்வலி.

"உன் தட்டுல ஏற்கெனவே ரெண்டு மூலை இருக்கே, ருமி?"

"அது எனக்கு. இது ஆதாரம்."

"எதுக்கு ஆதாரம்?"

"நீ ஒண்ணை நாப்கினுக்கு அடியில ஒளிச்சு வச்சதுக்கு."

துப்பறிபவளைக் கட்டிக்கொண்டவனுக்கு வீட்டில் ரகசியம் கிடையாது. நான் பேச்சை மாற்ற என் மணிக்கட்டை நீட்டினேன். அதில் சிவப்பும் வெள்ளையுமாகத் திரித்த நூல் இன்னும் இருந்தது. மார்ச் முதல் தேதி எங்கள் ஊரில் எல்லோர் கையிலும் இந்த மார்தெனித்சா ஏறிவிடும். வருடத்தின் முதல் நாரையைப் பார்த்தவர் அதைக் கழற்றி, பூத்திருக்கும் மரம் ஒன்றில் கட்டி வேண்டிக்கொள்வார். ருமியானாவின் மணிக்கட்டு வெறுமையாக இருந்தது.

"நான் நேத்தே பார்த்தாச்சு. நீ பார்க்கல" என்றாள், நேற்று மாலையிலிருந்து பதினாறாவது தடவையாக.

"இப்ப எங்க அந்த நாரை?"

"மேயப் போயிருக்கும்."

"ராத்திரியும் மேயுமா?"

தொலைபேசி அடித்தது. மணி ஒன்பது பத்து. எதிரே இருக்கும் நாரைப் பதிவகத்திலிருந்து எழுத்தர் ஸ்வெத்லா. குரல் எனக்கும் கேட்டது.

"அக்கா, 214-ஐக் காணோம்!"

"எங்க காணோம்?"

"எங்கயுமே காணோங்க்கா. 213 இருக்கு, 215 இருக்கு. நடுவுல பல்லு விழுந்த மாதிரி இருக்கு!"

ருமியானா ஜன்னல் வழியே பார்த்தாள். தெருவுக்கு அந்தப் பக்கம், படிப்பகத்தின் புகைபோக்கி மேல், வண்டிச் சக்கரம் அளவுக்குச் சுள்ளியும் வைக்கோலுமாக 214-ஆம் கூடு பத்திரமாக இருந்தது.

"கூடு இருக்கு. பதிவுதான் போயிருக்கு" என்றாள். பிறகு பிய்த்த மூலையைத் திரும்ப என் தட்டில் வைத்தாள்.

அப்போதுதான் விஷயம் எவ்வளவு பெரியது என்று எனக்குப் புரிந்தது.

ருமியானா முப்பது வருடம் பழப்பதன ஆலையின் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்தவள். ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் ஊரான கோர்னோ ப்லாதோவில் எந்தப் பட்டியலிலிருந்து எது காணாமல் போனாலும் ஜனங்கள் காவல் நிலையத்துக்குப் போவதற்கு முன் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். இரண்டு முறை இறந்துபோன தபால்காரரை உயிர்ப்பித்தவள் அவள்தான். ஊராட்சிப் பட்டியலில் வெள்ளாடாகப் பதிவாகியிருந்த பல் மருத்துவரை மீண்டும் மனிதனாக்கியதும் அவள்தான். நான் எவ்திம், ஓய்வு பெற்ற இலக்கிய வாத்தியார். துப்பறிவதில் என் பங்கு கார் ஓட்டுவது, பை தூக்குவது, தேவையில்லாத நேரத்தில் பேசுவது. இந்த வழக்கில் காருக்கு வேலையில்லை. தெருவைக் கடந்தால் சம்பவ இடம்.

கடக்கும்போதே நிலைமையைச் சொன்னாள். படிப்பகத்தின் புகைபோக்கியைப் பழுது பார்க்க அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு கிரேன் வருகிறது. பதிவேட்டில் உள்ள கூட்டை யாரும் தொடக்கூடாது. பதிவேட்டில் இல்லாத கூடு வெறும் சுள்ளி, எடுத்துக் குப்பையில் போடலாம்.

"திரும்பவும் எழுதிடலாமே?"

"இன்னைக்குத் தேதி போட்டா அது புதுக் கூடு. பிப்ரவரிக்கு அப்புறம் பதிஞ்ச புதுக் கூடு காலியா இருந்தா எடுத்துடலாம்னு விதி. பழைய தேதியோட திரும்பி வரணும். பன்னிரண்டுக்குள்ள."

பத்தொன்பது வருடமாக அதே ஜோடி அந்தக் கூட்டுக்கு வருகிறது. எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேரே. ஆண் நாரைக்கு ருமியானா வைத்த பெயர் எவ்திம். சுள்ளியைத் தப்பான இடத்தில் செருகிவிட்டு, பெரிய காரியம் செய்ததுபோல் அலகைத் தட்டிக்கொண்டே இருக்குமாம். ஆப்பிரிக்காவிலிருந்து அவ்வளவு தூரம் பறந்து வந்து பார்த்தால் புகைபோக்கி மொட்டையாக நிற்கும் என்ற நினைப்பே அவளுக்குத் தாங்கவில்லை. தாங்காதபோது அவள் வேகமாக நடப்பாள். நான் பையோடு பின்னால் ஓடினேன்.

பதிவகம் படிப்பகத்தின் மாடியில் இருக்கிறது. பெரிய அறையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர், மூன்று பணியாளர்கள். இயக்குநர் லுபென், எழுத்தர் ஸ்வெத்லா, ஊர் ஊராகப் போய்க் கூடு எண்ணும் அசேன். அந்த அசேன் என் பழைய மாணவன். கட்டுரையில் ஒரு பக்கத்துக்கு ஒரு முற்றுப்புள்ளி வைப்பவன்.

முந்தைய நாள்வரை மூவருக்கும் ஒரே பயனர் பெயர், "நாரை". ஒரே கடவுச்சொல், அதுவும் "நாரை". யார் வேண்டுமானாலும் எதையும் சேர்க்கலாம், திருத்தலாம், அழிக்கலாம். போன மாதம் யாரோ ஒரு விரல் தவறியதில் நாற்பது கூடுகள் துருக்கிக்குக் குடிபெயர்ந்தன. செய்தது யார் என்று கேட்டால் கம்ப்யூட்டர் "நாரை" என்றது. அதனால்தான் செவ்வாய்க்கிழமை காலை ருமியானா போய், புதிதாக ஒரு கட்டளைக் கருவியை அமைத்துக் கொடுத்தாள். படமும் கிடையாது, பொத்தானும் கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும். ஒவ்வொருவரும் தன் பெயர், தன் கடவுச்சொல் சொல்லித்தான் உள்ளே போக வேண்டும். யார், எப்போது, என்ன செய்தார் என்று எல்லாம் ஒரு குறிப்பேட்டில் விழும்.

அன்று காலை நானும் இருந்தேன். உரிமைகளைப் பங்கு போட்டபோது பாகப்பிரிவினையே தோற்றது.

"அசேன் சேர்க்கலாம். அவ்வளவுதான்" என்றாள் ருமியானா. "ஸ்வெத்லா சேர்க்கலாம், திருத்தலாம்."

"எனக்கு?" என்றார் லுபென்.

"அதோட உங்களுக்கு அழிக்கவும் உரிமை உண்டு."

"இதுக்கெல்லாம் மேல ஏதாவது வேணும் மேடம். நான் டைரக்டர்."

"உறுதி செய்யற உரிமையும் தரேன்."

அவர் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது. பிறகு ருமியானா அவர்களுக்கு விளக்கினாள். "அழின்னு அடிச்சாலும் உடனே அழியாது. 'உறுதி'ன்னு அடிக்கிற வரைக்கும் காத்துக்கிட்டு நிக்கும். 'திரும்பு'ன்னு அடிச்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி பழையபடி ஆயிடும்."

"கல்யாணத்துல இந்த வசதி இல்லையே" என்றேன். மதியச் சாப்பாட்டுக்கு என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இப்போது, புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு, லுபென் அறை நடுவில் நின்று அசேனைக் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தார். அசேன் அங்கே இல்லாதது அவருக்கு வசதியாக இருந்தது.

"அவன்தான்! நாப்பது கூட்டைத் துருக்கிக்கு அனுப்பினவனுக்கு ஒரு கூட்டைத் தொலைக்கிறது பெருசா? இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பறேன்!"

"மொதல்ல கூட்டைப் பார்ப்போம்" என்று ருமியானா நாற்காலியில் உட்கார்ந்தாள். "என்கிட்ட போன வாரப் பிரதி இருக்கு. பழைய தேதியோட திருப்பிப் போட என்ன வேணும்?"

"அறிக்கை. யார் அழிச்சா, எப்போ, எதனால. கையெழுத்து. முத்திரை." சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். முத்திரை அங்கே இருந்தது. அவர் தூங்கும்போதும் அங்கேதான் இருக்கும் என்று ஊரில் பேச்சு.

ருமியானா குறிப்பேட்டைத் திறக்கும் கட்டளையை அடித்தாள். திரையில் ஒரே ஒரு வரி வந்து விழுந்தது. நான் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கக் குனிந்தேன். அவள் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டாள். கீழுதட்டைக் கடித்தாள். மாவு பிசைந்து முடித்த பிறகு உப்புப் போடவில்லை என்று ஞாபகம் வந்தால் அப்படித்தான் கடிப்பாள்.

"நேத்து மதியம் மூணு ஐம்பத்திரண்டு" என்றாள். "இதே மெஷின்லதான்."

"யார் பேரு இருக்கு?" லுபென் கழுத்தை நீட்டினார்.

"அது கடைசில."

"ஏன் கடைசில?"

"டைரக்டர், நீங்க துப்பறியும் கதையே படிச்சதில்லையா?"

ஸ்வெத்லா எழுந்து நின்றாள். "அக்கா, மூணு ஐம்பத்திரண்டுக்கு நாம ரெண்டு பேரும் கீழ முற்றத்துல இருந்தோமே! யாரோ 'நாரை, நாரை'ன்னு கத்தினாங்கன்னு ஓடினோமே. பிளம் மரத்துல நூலு கட்டிட்டு நான் வேண்டிக்கிட்டு நின்னேன்."

"ரொம்ப நேரம் வேண்டிக்கிட்ட. கால் மணி நேரம்."

"எனக்கு நிறைய குறை இருக்குங்க்கா."

"டைரக்டர், நீங்க எங்க இருந்தீங்க?"

"நானும்தான் ஓடி வந்தேன்! உங்களுக்குப் பின்னாடிதான் நின்னேன். அருமையான நாரை. என்ன வெள்ளை! செக்கச் செவேல்னு ரெண்டு காலு. நானும் நூலைக் கட்டிட்டுத்தான் மேல வந்தேன்."

ருமியானா தலையசைத்துக் குறித்துக்கொண்டாள். அதற்குள் படியில் தடதடவென்று சத்தம். தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அசேன் வந்தான். முப்பத்தைந்து வயது, ஆறடி. என்னைக் கண்டால் இன்னும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வான்.

"நேத்து மூணு ஐம்பத்திரண்டுக்கு எங்க இருந்த?" என்றேன், மிரட்டுகிற குரலில்.

"தோல்னி இஸ்வோர் கிராமத்துல சார். கூடு எண்ணிக்கிட்டிருந்தேன். பதினொண்ணு இருந்துச்சு."

"கையில நூலைக் காணோமே?" என்றாள் ருமியானா.

"அது... அங்க ஒரு நாரையைப் பார்த்தேன். அங்கயே ஒரு மரத்துல கட்டிட்டேன்."

"என்ன மரம்?"

"மரம்தான். கிளையெல்லாம் இருந்துச்சு."

ருமியானா ஜன்னலருகே போனாள். கீழே முற்றத்தில் பிளம் மரம் வெள்ளையாகப் பூத்து நின்றது. இந்த வருடம் பதிவகத்து நூல்களை எல்லாம் ஸ்வெத்லாதான் திரித்தாள். மாறிப்போகக் கூடாதென்று பட்டன் டப்பாவைக் கவிழ்த்து, ஆளுக்கொரு பட்டன் கோத்திருந்தாள். லுபெனுக்குப் பித்தளை, அசேனுக்குப் பச்சை, ருமியானாவுக்கு முத்து, தனக்கு ரோஸ். எனக்கு மரப் பட்டன். அதைத் தேர்ந்தெடுத்தது ருமியானா. காரணம் கேட்டதற்கு என் தலையைப் பார்த்தாள்.

"வாத்தியாரே, கீழ போய் மரத்துல எத்தனை நூல் தொங்குதுன்னு பார்த்துட்டு வா. என்னென்ன பட்டன்னும் பாரு."

போனேன். தேனீக்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கிளைகளை விலக்கினேன். திரும்பி வரும்போது எனக்கு மூச்சு வாங்கியது. ஆனால் இப்படிப்பட்ட வசனத்துக்காகத்தான் ஒரு உதவியாளன் உயிர் வாழ்கிறான்.

"மொத்தம் மூணு. முத்து, ரோஸ், பச்சை. பச்சைப் பட்டன் தோல்னி இஸ்வோர்லேர்ந்து பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்து வந்திருக்கு போல."

அசேனின் காதுகள் முதலில் சிவந்தன.

"சார், நான் போகலை. விறகுக் கொட்டகைக்குப் பின்னாடி பெஞ்சுல படுத்துத் தூங்கிட்டேன். முழிச்சுப் பார்த்தா புகைபோக்கி பக்கத்துல வெள்ளையா ஒண்ணு ரெக்கை அடிச்சுது. கத்திட்டேன். ஓடிப் போய் நூலைக் கட்டிட்டேன். அப்புறம்தான் தொலைநோக்கியில பார்த்தேன்."

"பார்த்தா?"

"பை, சார்."

"என்ன பை?"

"கடையில குடுக்கிற பிளாஸ்டிக் பை. ஆன்டெனாவுல மாட்டிக்கிட்டிருந்துச்சு. விலைகூட எழுதியிருந்துச்சு, கோழிக்கால் கிலோ இவ்வளவுன்னு."

அசேன் தொலைநோக்கியைத் துடைத்துக்கொண்டே தொடர்ந்தான்.

"அதுக்குள்ள இவங்க ரெண்டு பேரும் ஓடி வந்து நூலைக் கட்டி, கண்ணை மூடி வேண்டிக்கிட்டாங்க. நான் கொட்டகைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன். மாவட்டத்துக்கே நாரை எண்ணுறவன் நான். வெளிய தெரிஞ்சா தெருவுல நடக்க முடியுமா?"

ஸ்வெத்லா மெதுவாக உட்கார்ந்தாள். "அப்ப நான் கால் மணி நேரம் யாருகிட்ட வேண்டிக்கிட்டேன்?"

"கோழிக்கால் கிட்ட" என்றேன். பிறகு என் மனைவி பக்கம் திரும்பினேன். அந்தத் திருப்பத்தை நான் அவசரப்படாமல் அனுபவித்தேன். "நேத்து சாயங்காலத்துலேர்ந்து பதினாறு தடவை, ருமி. 'நான் பார்த்தேன், நீ பார்க்கல.' பதினாறு தடவை."

"வாயை மூடு வாத்தியாரே. வேலை இருக்கு."

வெளியே பெரிய ஹாரன் சத்தம். கிரேன் முற்றத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. மணி பதினொன்று.

"சரி. அறிக்கையை எழுத ஆரம்பிக்கலாம்" என்றாள் ருமியானா, ஒரு வெள்ளைத் தாளை மேசையில் வைத்து. "டைரக்டர், உங்க முத்திரை நல்லா விழுதா? போன தடவை பாதிதான் விழுந்துச்சு."

"பாதியா! என் முத்திரையா?"

லுபென் முத்திரையை உருவி, கையை உயர்த்தி, தாளில் ஓங்கிக் குத்தினார். முத்திரை முழுதாக விழுந்தது. உயர்த்திய கையில் சட்டைக்கை கீழே சறுக்கியது. மணிக்கட்டில் சிவப்பும் வெள்ளையும். நடுவில் பளபளவென்று பித்தளைப் பட்டன்.

"நல்லா விழுது" என்றாள் ருமியானா. "மரத்துல கட்டின நூல் திரும்பி வந்து கையில ஏறிக்கிச்சா டைரக்டர்? அந்தப் பைக்கு ரெண்டு செவப்புக் கால் வேற இருந்துச்சே?"

லுபென் முத்திரையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தார்.

"எல்லாரும் ஓடிட்டீங்க. நான் ஓடலை. என் முட்டி ஓடாது. இந்த நாற்காலி காலியா இருந்துச்சு. திரையில ஒரு வரி கண்ணைச் சிமிட்டிக்கிட்டே இருந்துச்சு. 'உறுதிக்காகக் காத்திருக்கிறது.' மேடம், முப்பத்தொரு வருஷம். என் மேசையில நாலு மணிக்கு மேல ஒரு காகிதம் காத்திருந்ததில்ல. நாலாகப் போகுது. அது பாட்டுக்குச் சிமிட்டுது. என்னால தாங்க முடியல."

"என்ன வரின்னு படிச்சீங்களா?"

"படிக்கிறதுக்கு ஸ்வெத்லா இருக்கா. நான் உறுதி செய்யறவன்." கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "நாலு மணிக்கு மெஷினை நிறுத்திட்டு நிம்மதியா வீட்டுக்குப் போனேன். காலையில ஸ்வெத்லா 'காணோம்'னு கத்தினப்பதான் அந்த வரி ஞாபகம் வந்துச்சு."

அசேன் பெருமூச்சு விட்டான். வழக்கு முடிந்தது என்று நான் பையை எடுத்தேன். ஆனால் லுபென் திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். முப்பத்தொரு வருட அதிகாரி அவ்வளவு சுலபத்தில் ஓய்வதில்லை.

"ஒரு நிமிஷம்! நான் உறுதிதான் செஞ்சேன். ஏற்கெனவே யாரோ அடிச்சு வச்சதை. 'அழி'ன்னு அடிச்சது யாரு? அதைச் சொல்லுங்க!"

ருமியானா திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். நான் சத்தமாகப் படித்தேன்.

"கூடு 214. அழி. பயனர்... ருமியானா."

கீழே கிரேன்காரர் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மேலே நான்கு பேரும் என் மனைவியைப் பார்த்தோம்.

"திருடனும் போலீஸும் ஒரே வீட்டுல இருந்திருக்கு" என்றேன். "நான் ஒரு மூலையைத்தான் ஒளிச்சேன். நீ கூட்டையே!"

"சோதிச்சுப் பார்த்தேன்" என்றாள். அவள் குரல் இறங்கி நான் கேட்டது அபூர்வம். "உரிமையெல்லாம் சரியா வேலை செய்யுதான்னு. மொதல்ல ஸ்வெத்லா பேர்ல போய் அழின்னு அடிச்சேன், முடியாதுன்னுச்சு. நல்லது. அப்புறம் என் பேர்ல அடிச்சேன். சரி, உறுதிக்குக் காத்திருக்கேன்னுச்சு. அதுவும் நல்லது. 'திரும்பு'ன்னு அடிக்கக் கையைத் தூக்கினேன். 'நாரை'ன்னு சத்தம் கேட்டுச்சு."

யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. மார்ச் மாதத்தில் அந்தச் சத்தம் கேட்டால், எங்கள் ஊரில் பல் மருத்துவர்கூட நோயாளியின் வாயைத் திறந்தபடி விட்டுவிட்டு ஓடுவார். வெள்ளாடாக இருந்த காலத்திலும் ஓடியிருப்பார்.

"நேத்து நான் மேல வர்றதுக்குள்ள மெஷினை நிறுத்திட்டேன்னு டைரக்டர் சொன்னார். உறுதி ஆகாத வேலை, மெஷினை நிறுத்தினா தானாத் திரும்பிடும். அதனால நான் கவலைப்படல. இன்னைக்குக் காலையில என் பேரைப் பார்த்ததும்தான், நடுவுல யாரோ உக்காந்திருக்காங்கன்னு புரிஞ்சுது."

"அப்பவே சொல்லியிருக்கலாமே அக்கா!"

"சொல்லியிருந்தா என் பேரை மட்டும் எழுதி அறிக்கையை முடிச்சிருப்பாரு. அரை அறிக்கை செல்லாது. கூடும் வந்திருக்காது. இல்லேன்னா அசேன் பேரை எழுதி அவனை வீட்டுக்கு அனுப்பியிருப்பாரு."

"அவ்வளவு கூடு இருக்கு. சோதிக்கிறதுக்கு ஏன் 214?" என்று கேட்டார் லுபென்.

ருமியானா ஜன்னல் பக்கம் பார்த்தாள். "எனக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச எண் அது ஒண்ணுதான்."

அறிக்கையை எழுத நாற்பது நிமிடம் ஆயிற்று. அதில் முப்பது நிமிடம் ஒரு வார்த்தைக்காக. அழித்தவர் ருமியானா, உறுதி செய்தவர் லுபென், கூச்சலிட்டவர் அசேன். இதுவரை தகராறு இல்லை. "காரணம்: பை" என்று ஸ்வெத்லா எழுதியதும் இயக்குநர் துள்ளிக் குதித்தார். தலைநகரில் இதைப் படிப்பார்கள், சிரிப்பார்கள். கடைசியில் "காரணம்: காற்று" என்று முடிவாயிற்று. முத்திரை விழுந்தபோது மணி பதினொன்று ஐம்பது.

ருமியானா பிரதியிலிருந்து 214-ஐ எடுத்து, பழைய தேதியோடு வைத்தாள். திரை சிமிட்டியது. நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"வாங்க டைரக்டர். நீங்களே அடிங்க. இந்தத் தடவை படிச்சுட்டு."

லுபென் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சிறுபிள்ளைபோல் ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகப் படித்தார். கூடு 214, படிப்பகம், புகைபோக்கி, ஜோடி ஒன்று, மீட்டவர் ருமியானா. பிறகு ஒற்றை விரலால் 'உறுதி' என்று அடித்தார். பதினொன்று ஐம்பத்து மூன்று. ஸ்வெத்லா அச்சிட்ட தாளைப் பிடுங்கிக்கொண்டு நாங்கள் எல்லோரும் படியில் இறங்கி ஓடினோம். இயக்குநரின் முட்டிகூட ஓடியது.

கிரேன்காரர் தாளை வாங்கினார். எழுத்தைப் படிக்கவில்லை. முத்திரையைப் பார்த்ததும் தொப்பியை எடுத்தார்.

"அப்ப நான் சும்மாவா வந்தேன்? இவ்வளவு தூரம் டீசல் போட்டுக்கிட்டு?"

"சும்மா ஏன்?" என்று ருமியானா ஆன்டெனாவைக் காட்டினாள். பை அங்கே ரெக்கை அடித்துக்கொண்டிருந்தது. "குற்றவாளியை இறக்கணும்."

அசேனைத் தொட்டியில் ஏற்றி மேலே தூக்கினார்கள். அவன் பையைப் பிடுங்கிக் காற்சட்டைப் பைக்குள் திணித்தான். பிறகு தெற்கே பார்த்தான். தொலைநோக்கியை எடுத்தான். வைத்தான். மறுபடி எடுத்தான்.

"நாரை!" என்று கத்தினான்.

ஒருவரும் அசையவில்லை.

"சத்தியமா! நாரை!"

"இறங்குடா கீழ" என்றார் லுபென்.

நான் மட்டும் அண்ணாந்து பார்த்தேன். எனக்கு உதவியாளன் புத்தி, யார் கத்தினாலும் பார்ப்பேன். வெள்ளையாக ஒன்று கிரேனை ஒரு சுற்றுச் சுற்றி, கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு இறங்கியது. இரண்டும் செக்கச் செவேல். புகைபோக்கி மேல் நின்று, தலையைப் பின்னால் சாய்த்து, அலகைத் தடதடவென்று தட்டியது.

"எவ்திம் வந்துட்டான்" என்றாள் ருமியானா.

நான் மரப் பட்டன் நூலைக் கழற்றிப் பிளம் மரத்தில் கட்டினேன். லுபென் தன் பித்தளைப் பட்டனோடு வரிசையில் நின்றார். ருமியானா முந்தைய நாள் கட்டிய முத்துப் பட்டன் நூலை அவிழ்த்து, என்னுடையதற்குப் பக்கத்தில் மறுபடி கட்டினாள்.

"இதெல்லாம் செல்லுமா?" என்றேன்.

"நேத்து கட்டினது உறுதியாகலை. இதுதான் கணக்கு."

"ஆனா மொதல்ல பார்த்தது நான்."

"ஆமா" என்றாள். "நீதான் பார்த்த."

அன்று பிற்பகல் அவள் மேலே போய் இரண்டு கட்டளைகள் அடித்தாள். ஒன்று, தன் அழிக்கும் உரிமையைத் தானே பறித்துக்கொண்டாள். மற்றொன்று, எனக்கும் ஒரு கணக்குத் திறந்தாள்.

"எனக்கு என்ன உரிமை?"

"பார்க்கலாம்."

"சேர்க்க? திருத்த?"

"நீ பேசறதையே பத்துத் தடவை திருத்தற ஆளு. பார்த்தா போதும் வாத்தியாரே."

அந்த வருடம் நவம்பரில் ருமியானா இறந்துபோனாள்.

லுபென் ஓய்வு பெற்றுவிட்டார். அசேன் கண்ணாடி போட்டுக்கொண்டிருக்கிறான். பதிவகத்தின் பயனர்களை இப்போது ஸ்வெத்லா பார்த்துக்கொள்கிறாள். ஒவ்வொரு வருடமும் நாரை ஜோடி வந்து சேர்ந்ததும் நான் தெருவைக் கடந்து மாடிக்குப் போவேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுக் காப்பி போடப் போய்விடுவாள். கறுப்புத் திரையில் என் பெயரையும் கடவுச்சொல்லையும் அடித்து, 214-ஐக் கேட்பேன். ஜோடி ஒன்று, மீட்டவர் ருமியானா, பதினொன்று ஐம்பத்து மூன்று. போன வாரம் போனபோது, ஏனென்று தெரியவில்லை, அந்த வரியின் கடைசியில் ஏதோ எழுதப் பார்த்தேன்.

பயனர் எவ்திம், என்றது திரை. உரிமை: பார்க்க மட்டும்.